புயலுக்குள் இருப்பவன் ரீ.வி. பார்ப்பதில்லை

(நல்லூரில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சூறாவளியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவன் என்று சொல்லலாம். கார்த்திகை மாதத்தில் இந்தக் குடாநாட்டில் வீடும் கிணறும் வைத்திருப்பவன் என்றும் சொல்லலாம். இன்றைக்கு நான் பேச வந்தது சூறாவளியைத் தொலைக்காட்சி எங்களுக்குக் காட்டும் விதத்தைப் பற்றி. அதில் எனக்குப் பெரிய கோபம் இருக்கிறது. அதை மூடி மறைத்துக்கொண்டு பேச நான் விரும்பவில்லை.

எங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தவன் தன் தலைக்கு மேல் வரும் சூறாவளியை இன்னொரு ஊரின் கண்ணால்தான் பார்க்கிறான். ஒன்றில் கொழும்பு அலைவரிசையைப் போடுகிறோம், இல்லாவிட்டால் சென்னை அலைவரிசையைப் போடுகிறோம். கொழும்பு எங்களை "வட மாகாணத்தின் சில பகுதிகள்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். சென்னையின் வரைபடத்தில் நாங்கள் பெயரில்லாமல் கிடக்கும் ஒரு நிலத்துண்டு.

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவை நினைத்துப்பாருங்கள். புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த சென்னை அலைவரிசையில் இராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று ஊர்ப்பெயர்கள் பெரிய எழுத்தில் மின்னின. பாக்குநீரிணைக்கு இந்தப்பக்கம் ஒரு கபில நிறத் திட்டு. அதில் ஒரு ஊரின் பெயர்கூட இல்லை. "இலங்கை நிலப்பரப்பைக் கடக்கும்போது புயல் வலுவிழக்க வாய்ப்பு" என்று செய்தி வாசித்தவர் ஆறுதலாகச் சொன்னார். அந்த நிலப்பரப்பில்தான் நாங்கள் இருந்தோம். முல்லைத்தீவுக் கரையிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் ஓலைக்கும் தகரத்துக்கும் கீழே சனம் படுத்திருந்தது. சென்னையிலிருந்து பேசுபவர் சென்னையைத்தான் முதலில் பார்ப்பார், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அலைவரிசையை இலட்சக்கணக்கான ஈழத்தமிழர் காசு கட்டிப் பார்க்கிறார்கள். ஒரு ஊரின் பெயரையாவது வரைபடத்தில் போட்டிருக்கலாம்.

அதே இரவில் ரொறன்ரோவிலிருந்து என் மருமகள் ஒருத்தி அழைத்தாள்.

"மாமா, யாழ்ப்பாணம் முழுக்கத் தண்ணிக்குள்ளையாம். யூடியூப்பிலை லைவ் போகுது. நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலைதான் பிள்ளை. இஞ்சை மழை பெய்யுது. காத்து அவ்வளவா இல்லை."

"சும்மா சொல்லாதேங்கோ மாமா. நான் இப்பதானே பாக்கிறன், கார் எல்லாம் மிதக்குது."

அவள் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை எனக்கும் அனுப்பினாள். மிதந்த கார்களின் இலக்கத்தகடு எங்கள் நாட்டினுடையது இல்லை. வீதியோரத்து விளம்பரப் பலகையில் இருந்த எழுத்தும் எங்கள் நாட்டு எழுத்து இல்லை. "யாழ்ப்பாணம் நேரலை" என்று மேலே சிவப்புப் பட்டியில் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை இரண்டு மணித்தியாலமாக அழுதுகொண்டு அதைப் பார்த்திருக்கிறாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். மழை விடவில்லை. புரெவி மன்னார் வளைகுடாவுக்குள் போய், வலுவிழந்து, இராமநாதபுரத்துக்கு அருகே நகராமல் நின்றுவிட்டது. "ஆபத்து நீங்கியது" என்று அலைவரிசைகள் வேறு செய்திக்குப் போய்விட்டன. நின்ற இடத்தில் நின்றபடி அது கொட்டிய மழையில் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் தேங்கியது. இங்கே எங்கள் ஒழுங்கையில் வெள்ள வாய்க்கால் நிரம்பி, அடுத்த நாள்தான் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே மட்டமாகின. அந்த நாளில் எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. புயல் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொல்லியிருந்ததால், முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

எங்கள் ஒளிபரப்பாளர்கள் மிக எளிமையான ஒரு விடயத்தை மறந்துவிட்டார்கள். புயல் அடிக்கும் நேரத்தில், புயலுக்குள் இருப்பவன் ரீ.வி. பார்ப்பதில்லை. பார்க்க முடியாது. முதல் மரம் கம்பியில் விழுந்தவுடனேயே மின்சாரம் போய்விடும். மரம் விழாவிட்டாலும் பாதுகாப்புக்காக மின்சார சபையே நிறுத்திவிடும். ஆகவே காற்று உச்சத்தில் இருக்கும்போது, மழைக்கோட்டுப் போட்ட செய்தியாளர் கடற்கரையில் நின்று கத்துவதைப் பார்ப்பவர் யார்? பக்கத்து மாவட்டத்திலும் அடுத்த நாட்டிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மின்விசிறிக்குக் கீழே அல்லது ஹீற்றருக்குப் பக்கத்தில் இருப்பவர். அந்த ஒளிபரப்பு அவருக்காகத்தான் நடக்கிறது. ஆபத்தில் இருப்பவருக்குத் தொலைக்காட்சி உதவக்கூடிய நேரம், புயலுக்கு முந்திய இரண்டு நாட்கள். பிறகு மின்சாரம் திரும்பிய நாளிலிருந்து இரண்டு மூன்று வாரங்கள். இந்த இரண்டு காலத்திலும் எங்கள் திரையில் என்ன ஓடியது என்று எண்ணிப்பாருங்கள்.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு 1964 டிசெம்பர் நினைவிருக்கும். 22ஆம் திகதி இரவு அந்தச் சூறாவளி வட இலங்கையைக் கடந்து பாக்குநீரிணைக்குள் போனது. மன்னாரும் தலைமன்னாரும் எங்கள் கடற்றொழிலாளர் குடும்பங்களும் பட்ட பாடு பெரிது. அக்கரையில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமற்போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் அலை பயணிகளோடு வாரிக்கொண்டு போனது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். அப்போது இந்த நாட்டில் தொலைக்காட்சியே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல், ரூபவாகினி 1982இல். அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரிக்கை போய்ச் சேராததால்தான் அவ்வளவு பேர் செத்தார்கள். கடலில் நின்றவனுக்குச் சொல்ல வழியிருக்கவில்லை.

இன்றைக்கு வழி இருக்கிறது. வானத்தில் செய்மதி இருக்கிறது. நூற்றைம்பது கிலோமீற்றருக்குள் காரைக்காலில் இந்தியாவின் டொப்ளர் ராடர் இருக்கிறது, அதன் படம் இணையத்தில் திறந்து கிடக்கிறது. வலிகாமத்துக்கு மேல் மழைமுகில் வருகிறதா என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கைபேசியில் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் விரிவுரையாளர் நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் தமிழில் எழுதும் எதிர்வுகூறலைத் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் படிக்கிறார்கள். சத்தமில்லாத நாலு பந்திதான். எந்தத் திகதி, எந்தப் பக்கம், எவ்வளவு மழை, யார் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். சனம் அதை நம்புகிறது. அமைதியாகச் சொன்னால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அலைவரிசைக்காரர் சொல்வதற்கு அதுவே பதில்.

தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. சென்னை வானிலை ஆய்வு மையத்தில் இயக்குநராக இருந்த ரமணனை நீங்கள் எல்லோரும் திரையில் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடியும் மீசையுமாக வருவார், தாழ்வு நிலை எங்கே இருக்கிறது, எத்தனை கிலோமீற்றர் தூரம் என்று சொல்வார், போய்விடுவார். பின்னணி இசை கிடையாது. 2016இல் ஓய்வு பெறும்வரை அவருக்கு இருந்த செல்வாக்கு ஒரு நடிகருக்குரியது. பாடசாலைப் பிள்ளைகள்கூட அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருந்தார்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வங்காள விரிகுடாவில் உருவாகும் தொகுதியில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் அதற்குப் பெயர் வைப்பார்கள். பதின்மூன்று நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து புதுடில்லி வானிலை மையம் ஒரு பெயரை எடுக்கும். புரெவி மாலைதீவு கொடுத்தது, பெங்கல் சவூதி அரேபியா கொடுத்தது, டித்வா யேமன் கொடுத்தது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வெறும் தாழமுக்கம். தொலைக்காட்சிக்குப் பெயர் வேண்டும். பெயர் வந்த பிறகுதான் இசை வரும், சிவப்புப் பட்டி வரும், "இன்னும் இத்தனை மணி நேரத்தில்" என்ற கடிகாரம் வரும். மழைக்கோ பெயர் வேண்டியதில்லை.

2024 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். 26ஆம், 27ஆம் திகதிகளில் ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று எங்கள் கிழக்குக் கரையோரமாக வடக்கு நோக்கி ஊர்ந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை. அதற்குள் யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை நடுவில் நிறுத்தினார்கள். 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வீதியில் பெருங்காற்று அடிக்கவில்லை. வீதிக்கு மேலாகத் தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்க்கும், வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதை ஒரு வாரம் முன்பிருந்தே எல்லா அலைவரிசையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும்.

29ஆம் திகதி அந்தத் தொகுதிக்குப் பெங்கல் என்று பெயர் வைத்தார்கள். எங்களைத் தாண்டிப் போய்விட்டபடியால் எங்களுக்கு அது முடிந்த கதை. அப்போதுதான் சென்னை அலைவரிசைகள் உச்சத்துக்குப் போயின. கமராக்கள் சென்னைக் கடற்கரையில் வரிசையாக நின்றன. புயல் 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகே ஏறி, அங்கேயே நின்று, ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் மழையைக் கொட்டியது. டிசெம்பர் முதலாம் திகதி, கடலிலிருந்து எவ்வளவோ தூரத்தில் உள்ள திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி ஒரு வீட்டை மூடியது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி அதற்கு முன்னரே வந்துவிட்டது.

எங்கள் பக்கம் திரும்புவோம். வெள்ளம் வடிந்தது. டிசெம்பர் மாதம் வடமராட்சியில் ஆட்கள் காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். சில நாள் காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல், பிறகு மரணம். ஊடகங்கள் அதற்கு "மர்மக் காய்ச்சல்" என்று பெயர் வைத்தன. அந்தச் சொல் குடாநாடு முழுக்கப் பரவியது. கடையில், கோவில் வாசலில், பேருந்தில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. பரிசோதனையில் தெரியவந்தது எலிக்காய்ச்சல்.

வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வரும் என்பது வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். எலியின் சிறுநீரில் உள்ள பக்ரீரியா தேங்கிய நீரில் கலக்கும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அதன் வழியாக உள்ளே போகும். வயலில் இறங்குபவர், வாய்க்கால் வெட்டுபவர், வீட்டுக்குள் வந்த சேற்றை வெறுங்காலால் வழிப்பவர் எல்லோருக்கும் ஆபத்து. முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை இருக்கிறது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்தவுடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் போதும். வெள்ளம் வடிந்த வாரத்தில் இந்த ஒன்றரை நிமிடத்தை இரவுச் செய்திக்கு முன் நாள்தோறும் ஒளிபரப்பியிருந்தால், "இது சும்மா தடிமன் காய்ச்சல்" என்று வீட்டில் படுத்திருந்தவர்களில் சிலராவது நேரத்தோடு போயிருப்பார்கள். மர்மம் என்று சொன்னதால் என்ன நடந்தது? சனம் பயந்தது. எதைச் செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. பயத்தை உண்டாக்கி, வழியைச் சொல்லாமல் விடுவதை நான் குற்றம் என்றே சொல்வேன்.

கடைசியாக டித்வா. 2025 நவம்பர் 28. காற்று அளவுகோலில் அது சாதாரண சூறாவளி என்ற படிக்கு மேலே போகவில்லை. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாடு கண்ட ஆகப்பெரிய இயற்கை அனர்த்தம் அதுதான். அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கடற்கரைக்காரர் இல்லை. கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மாத்தளையிலும் மலைச்சரிவில் வாழ்ந்தவர்கள். அவர்களில் எங்கள் மலையகத் தமிழ் உறவுகளும் அடங்குவர். லயன் அறைகளுக்கு மேலே நின்ற மலை நனைந்து நனைந்து இறங்கியது.

மண்சரிவு திடீரென்று வருவதாகத் தோன்றும், அதற்கு முன் அறிகுறி உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு. நிமிர்ந்து நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல். தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குதல், அல்லது ஊற்று இல்லாத இடத்தில் தண்ணீர் பீறுதல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவற்றை ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறது. மாவட்டவாரியாகச் சிவப்பு எச்சரிக்கையும் விடுகிறது. அந்த அறிகுறிகளைப் படம் போட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் இரவு பகலாக ஓடவிடத் தொலைக்காட்சியை விடப் பொருத்தமான கருவி உலகத்தில் இல்லை. நாங்கள் பார்த்ததோ, கடல் அலை, சுழலும் செய்மதிப் படம், கலையகத்தில் அரசியல்வாதிகளின் வாய்த்தர்க்கம்.

இன்னொரு விடயத்தைக் குரலை உயர்த்தியே சொல்லவேண்டும். அந்த நாட்களில் உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு பல பக்கத்திலிருந்தும் எழுந்தது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அடைமழையில், இருட்டில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய், தனக்குத் தெரியாத மொழியில் வந்த குறுஞ்செய்தியை யாரிடம் கொண்டுபோய் வாசிப்பிப்பது? அரச தரப்பில் இந்த ஓட்டை இருக்கிறபோது தமிழ் அலைவரிசைகளின் கடமை இரட்டிப்பாகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை வந்த பத்தாவது நிமிடத்தில் அதை நல்ல தமிழில், ஊர்ப்பெயரோடு வாசிக்க ஒருவரை இருத்தவேண்டும். அதற்கு மழைக்கோட்டும் ஹெலிகொப்டரும் தேவையில்லை.

இது எங்கள் நாட்டு நோய் மட்டும் இல்லை. 2005இல் அமெரிக்காவின் என்.பி.சி. காலை நிகழ்ச்சியில் ஒரு செய்தியாளர் நியூ ஜேர்சி வெள்ளத்தில் ஓடத்தில் இருந்து துடுப்புப் போட்டுக்கொண்டு பேசினார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் கணுக்கால் தண்ணீரில் நடந்து போனார்கள். 2018இல் ஃபுளோரன்ஸ் சூறாவளியின்போது வெதர் சனல் செய்தியாளர் காற்றில் சாயாமல் நிற்கப் படாதபாடு படுவதுபோல் நின்றார். பின்னால் இரண்டு பேர் சாதாரணமாக நடந்து போனார்கள். அவர் ஈரப் புல்லில் நின்றார், களைத்திருந்தார் என்று அலைவரிசை விளக்கம் கொடுத்தது. 2023இல் பிபர்ஜோய் சூறாவளி குஜராத்தை நெருங்கியபோது ஒரு இந்தி அலைவரிசையில் செய்தி வாசிப்பவர் கலையகத்துக்குள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார், பின்னால் கணினியில் செய்த புயல். உலகம் முழுக்கச் சனம் இவற்றைப் பகிர்ந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருமுறை பிடிபட்டால், அடுத்த முறை அந்த அலைவரிசை உண்மையாகவே "வெளியேறுங்கள்" என்று சொல்லும்போது எத்தனை பேர் எழும்பிப் போவார்கள்? உடைந்த நம்பிக்கை வெடித்த கிடாரம் மாதிரி, ஒட்டினாலும் அதில் உலை வைக்க முடியாது.

அந்தச் செய்தியாளர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முக்கால்வாசிப்பேர் இளம் பிள்ளைகள். தண்ணீருக்குள் இறங்கு, இன்னும் ஆழமாக இறங்கு என்று கலையகத்தில் இருப்பவர் காதுக்குள் சொல்கிறார். 2021 செப்ரெம்பரில் ஒடிசாவில் மகாநதி வெள்ளத்தில் சிக்கிய யானையை மீட்பதைப் படம்பிடிக்கப் போன தொலைக்காட்சி நிருபர் அரிந்தம் தாஸ், படகு கவிழ்ந்து இறந்துபோனார். எந்தக் காட்சிக்கும் அந்த விலை இல்லை.

தொலைக்காட்சியால் நன்மையே கிடையாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 1961 செப்ரெம்பர். கார்லா என்ற பெருஞ்சூறாவளி மெக்சிக்கோ வளைகுடாவில் ரெக்சாஸ் கரையை நோக்கி வந்தது. ஹூஸ்டன் நகரத்து அலைவரிசை ஒன்றின் இளம் செய்திப் பணிப்பாளர் டான் ராதர், கல்வெஸ்டன் வானிலை நிலையத்துக்குக் கமராவைக் கொண்டுபோனார். ராடர் திரையில் புயல் தெரிந்தது. ஆனால் அது எவ்வளவு பெரிது என்பது பார்ப்பவருக்கு விளங்காது. ஒரு ஒளிபுகும் தாளில் வளைகுடாவின் கரைக்கோட்டை வரைந்து ராடர் படத்தின்மேல் வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். வளைகுடாவின் பெரும்பகுதியைப் புயல் மூடிநிற்பதைச் சனம் தன் கண்ணால் கண்டது. ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் கரையைவிட்டு வெளியேறினார்கள். அவர் கூச்சலிடவில்லை, அலைக்குள் இறங்கவில்லை. சரியான படத்தைச் சரியான நேரத்தில், புயலுக்கு முதல், காட்டினார்.

படமே இல்லாமலும் உயிரைக் காக்கலாம். 1970 நவம்பரில் போலா சூறாவளியில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு வங்காளதேசம் தொண்டர் படை ஒன்றைக் கட்டியது. இன்றைக்கு எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். எச்சரிக்கை வந்தால் கொடி ஏற்றுவார்கள். கையில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவார்கள். மாட்டை என்ன செய்வது, வயோதிபரை யார் தூக்குவது என்று கேட்டு ஆவன செய்வார்கள். போலாவைப் போன்ற புயல்கள் பிறகும் வந்தன. அந்த அளவுக்குச் சாவு பிறகு நிகழவில்லை. எங்கள் குருநகரிலும் பாசையூரிலும் கடற்றொழிலாளர் சங்கக்காரர் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "கடலுக்குப் போகவேண்டாம்" என்று அறிவிப்பதை நான் கேட்டிருக்கிறேன். கிராம அலுவலர் மழையில் நனைந்தபடி ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் யாரையும் எந்த அலைவரிசையும் இரண்டு நிமிடம் காட்டியதில்லை.

மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற ஐந்து வீட்டார் சுற்றியிருந்து கேட்போம். கேட்டதை வைத்து முடிவெடுத்தோம். எங்களுக்குச் செய்தியைப் பிரித்தறியத் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். அலைவரிசை ஆசிரியர்களே, பழைய காட்சியைப் போட்டால் அதன் திகதியையும் இடத்தையும் திரையிலேயே எழுதுங்கள். இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சு 2024 ஓகஸ்ட்டில், வயநாடு மண்சரிவுக்குப் பிறகு, அனர்த்தக் காட்சிகளில் திகதியையும் நேரத்தையும் போடும்படி தனியார் அலைவரிசைகளுக்கு அறிவுறுத்தியது. இங்கேயும் அது வேண்டும். புயலின் பாதையை ஒற்றை அம்புக்குறியாகப் போடாதீர்கள். ஒரு நாள் முந்திய எதிர்வுகூறலிலும் பல பத்துக் கிலோமீற்றர் விலகல் இயல்பு. பருத்தித்துறைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே உள்ள தூரமே நூறு கிலோமீற்றருக்குள்தான். அம்பு முல்லைத்தீவைக் காட்டினால் பருத்தித்துறைக்காரன் வலையைக் கரையேற்றாமல் இருந்துவிடுவான். மையம் எங்கே கரையேறும் என்பதைவிட, மழை எங்கே எவ்வளவு பெய்யும் என்பதை முன்னால் சொல்லுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வாய்க்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டி "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு அம்மா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். புயல் போன பிறகு கமராவைத் திருப்பி அனுப்பாதீர்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், குளோரின் எங்கே போடுகிறார்கள், நட்டஈட்டுப் படிவத்தை எந்தப் பிரதேச செயலகத்தில் எந்தத் திகதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் செய்திதான். வெங்காயம் அழுகிப்போன தோட்டக்காரனுக்கு அதுதான் அன்றைய தலைப்புச் செய்தி.

எங்களுக்கும் வேலை உண்டு. நாங்கள் பார்ப்பதால்தான் அந்தக் கூத்து நடக்கிறது. கத்தினால் நிறுத்துங்கள், வேறு அலைவரிசைக்குப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: படம் வந்தால் பகிர முதல் எங்கே, எப்போது எடுத்தது என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறக்க முதல் உங்கள் ஒழுங்கை வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கை எல்லோருமாகக் கூடி எடுங்கள். உங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், படுக்கையில் இருப்பவர்கள் யார், தண்ணீர் ஏறினால் யாருடைய வீட்டு மேல்மாடிக்கு அவர்களைக் கொண்டுபோவது என்பதை வெயில் எறிக்கும்போதே பேசி முடிவெடுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி ஒன்றை வாங்கி வையுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117. இந்த மண்டபத்தைவிட்டு வெளியே போக முன்னர் அதை எல்லோரும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குப் பதியத் தெரியாவிட்டால் நீங்கள் பதிந்து கொடுங்கள்.